ஜப்பானிய அச்சுப்படங்களும் ஐரோப்பிய ஓவியமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓவியர் வான்கோவைப் பற்றிப் பேச்சை எடுத்தால் எங்கோ ஓர் இடத்தில் ஜப்பான் வந்துவிடுகிறது. மோனேயைப் பற்றிப் பேசினாலும் அப்படித்தான். "ஜப்பான்காரர் செய்ததைப் பார்த்தா பிரெஞ்சுக்காரர் வரைந்தார்?" என்று யாராவது கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டு வைக்கிறேன். வரிசையாகத்தான் படிக்க வேண்டும் என்றில்லை.

ஜப்பானிய அச்சுப்படம் என்பது ஓவியமா, அச்சா?

அச்சு. மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் எடுத்தது. ஜப்பானில் இந்த வகைப் படங்களுக்கு உகியோ-எ என்று பெயர். 'மிதக்கும் உலகின் படம்' என்று பொருள். எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) கபுகி நடிகர்கள், சுமோ மல்லர்கள், யோஷிவாரா என்ற கேளிக்கைப் பகுதியின் கணிகையர், பிற்பாடு ஊர்க்காட்சிகள் என்று மக்கள் விரும்பியதையெல்லாம் அச்சிட்டு விற்றார்கள். நாம் சினிமா நட்சத்திரங்களின் படத்தை வாங்கிச் சுவரில் ஒட்டுகிறோமே, அந்த மாதிரிப் பொருள். விலையும் ஒரு கிண்ணம் நூடுல்ஸை ஒட்டித்தான் இருந்தது.

படத்தில் ஓவியரின் பெயர் பெரிதாகத் தெரிந்தாலும் இது நான்கு பேர் வேலை. முதல் போடுபவர் பதிப்பாளர். ஓவியர் மெல்லிய தாளில் கோடுகளை வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அந்தத் தாளைக் குப்புறக் கவிழ்த்து செர்ரி மரப்பலகையில் ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் குடைந்தெடுப்பார். ஓவியர் கையால் வரைந்த மூலம் அதோடு போயிற்று. பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை. நிறங்கள் இடம் மாறாமல் விழுவதற்குப் பலகையின் ஓரத்தில் சிறிய வெட்டுகள் இருக்கும். அச்சிடுபவர் காகிதத்தின் மூலையை அதில் பொருத்தி வைப்பார். அச்சு இயந்திரம் கிடையாது. மூங்கில் உறை சுற்றிய வட்டத் தட்டு ஒன்றால் காகிதத்தின் முதுகைத் தேய்த்துத் தேய்த்தே எடுத்தார்கள். 1765-இல் சுசுகி ஹருநோபுவின் படங்களோடு இந்தப் பல நிற அச்சு நிலைபெற்றது.

செய்முறையை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கறுப்புக் கோடு, கோட்டுக்குள் ஒரே சீரான நிறம், நிழல் கிடையாது: செதுக்கிய பலகைக்கு இயல்பாக வருவது இதுதான். வானத்தையும் நீரையும் மட்டும் பலகையிலேயே வண்ணத்தைத் துடைத்து மெல்ல மங்கச் செய்வார்கள். பிற்காலத்தில் பாரிஸ்காரர்கள் ஆழ்ந்த அழகியல் கொள்கை என்று வியந்ததில் பாதி, தொழிற்கூடத்துப் பழக்கம்.

பீங்கான் பாத்திரம் சுற்றி வந்த காகிதத்தில்தான் ஐரோப்பா இதை முதலில் பார்த்தது என்கிறார்களே?

நல்ல கதை. பெலிக்ஸ் பிராக்மோன் என்ற பிரெஞ்சுச் செதுக்கோவியர் 1856-இல் பாரிஸில் ஓர் அச்சகக்காரரின் கடைக்குப் போகிறார், ஜப்பானிலிருந்து வந்த பீங்கான் உடையாமலிருக்க இட்டு நிரப்பிய தாள்களில் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் மாங்கா என்ற படத்தொகுப்பின் ஒரு பாகம் கிடைக்கிறது, மனிதர் மயங்கிவிடுகிறார். பல பத்தாண்டுகள் கழித்து எழுத்தில் வந்த கதை இது. ஆண்டு பொருந்துமா என்று வரலாற்றாசிரியர்களுக்கே சந்தேகம். ஹொகுசாயின் மாங்கா உருவங்களைப் பார்த்து பிராக்மோன் 1866-இல் ஒரு முழுச் சாப்பாட்டுப் பாத்திர வரிசைக்கே மீன், கோழி, பூச்சி எல்லாம் வரைந்தார் என்பதில் சந்தேகமில்லை.

உண்மையில் அச்சுப்படங்கள் அதற்கு முன்பே ஐரோப்பாவில் இருந்தன. ஜப்பான் வெளிநாட்டவருக்குக் கதவடைத்திருந்த காலத்திலும் நாகசாகியின் தேஜிமா தீவில் டச்சு வணிகர்களுக்கு இடம் இருந்தது. அங்கே 1820-களில் மருத்துவராக இருந்த சீபோல்ட் கொண்டுவந்த பெரும் சேகரிப்பு ஹாலந்தின் லைடன் நகரில் இருந்தது. அவருடைய நூலில் ஹொகுசாயின் உருவங்களும் அச்சாயின. ஆனால் அதையெல்லாம் அறிஞர்கள் 'அயல்நாட்டு வழக்கங்கள்' என்ற தலைப்பில் பார்த்தார்கள். ஓவியர்கள் கண்ணில் படவில்லை.

1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெரி கப்பல்களோடு வந்து நின்றதும், 1858-இல் வணிக ஒப்பந்தங்கள் கையெழுத்தானதும், மறு ஆண்டு யோகோஹாமா துறைமுகம் திறந்ததும் நிலைமையை மாற்றின. 1862 லண்டன் கண்காட்சியில் பிரிட்டிஷ் தூதர் ஆல்காக் சேகரித்த ஜப்பானியப் பொருள்கள் வைக்கப்பட்டன. பாரிஸில் ரிவோலி தெருவில் கடை வந்தது. 1867 பாரிஸ் கண்காட்சியில் ஜப்பானே அதிகாரபூர்வமாகக் கலந்துகொண்டது. விசிறி, பட்டு, அரக்கு வேலைப்பாடு, அச்சுப்படம் எல்லாம் சேர்ந்தே வந்தன. முதலில் எடுபட்டவை விசிறியும் கிமோனோவும்தான்.

'ஜப்பானிசம்' என்ற சொல்லை உருவாக்கியது யார்?

கலை விமர்சகரும் சேகரிப்பாளருமான பிலிப் பூர்த்தி, 1872-இல். பிரெஞ்சில் ஜப்போனிஸ்ம்.

சரி, அந்தப் படங்களில் ஐரோப்பிய ஓவியர்களுக்கு அப்படி என்ன புதிதாகத் தெரிந்தது?

இதுதான் முக்கியமான கேள்வி. நான் வழக்கமாகச் சொல்லும் பதில்: கிமோனோவைத் தேடாதீர்கள், படத்தின் விளிம்பைப் பாருங்கள்.

மறுமலர்ச்சிக் காலம் முதல் ஐரோப்பிய ஓவியம் ஒரு நாடக மேடை மாதிரி. முக்கியமானவர் நடுவில் நிற்பார், மற்றவர்கள் இருபுறமும் ஒழுங்காக நிற்பார்கள், எல்லோரும் சட்டத்துக்குள் முழுதாக அடங்குவார்கள், ஒளி ஒரு பக்கமிருந்து விழும், தூரத்தில் எல்லாம் சுருங்கிக்கொண்டே போகும். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே (1797–1858) தன் கடைசி ஆண்டுகளில் வெளியிட்ட 'எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' தொகுப்பை எடுத்துப் பார்த்தால் இந்த மரியாதை எதுவும் இல்லை. கமேய்தோ பிளம் தோட்டத்தைக் காட்டும் 1857-ஆம் ஆண்டுப் படத்தில், ஒரு மரத்தின் கிளை நம் மூக்கை இடிக்கிற மாதிரி முன்னால் கிடக்கிறது. மரத்தின் உச்சியும் இல்லை, அடியும் இல்லை, விளிம்பு வெட்டிவிட்டது. தோட்டம் பார்க்க வந்த மனிதர்கள் கிளைகளுக்கு இடையில் எறும்பு மாதிரி. வானம் சிவப்பு. ஏன் சிவப்பு என்று கேட்கக் கூடாது.

இன்னொரு படத்தில் குதிரையின் பின்னங்கால்கள் முன்னால் நிற்கின்றன. அவற்றின் நடுவே தெரு தெரிகிறது. முழுக்குதிரை நமக்குக் கிடையாது. பாரிஸில் ஓவியக் கல்லூரி மாணவன் ஒருவன் இப்படி வரைந்து கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விளிம்பில் வெட்டுவது, நடுவை வெறுமையாக விடுவது, மேலிருந்து சாய்த்துப் பார்ப்பது, நிழல் இல்லாத தட்டை நிறம், ஒல்லியான நெடும்படம் — எடுத்துக்கொண்டவை இவை. அந்த நேரத்தில் இளைய ஓவியர்களும் கல்லூரி விதிகளோடு சண்டையில்தான் இருந்தார்கள். 'இப்படி வரையலாம், உலகம் இடிந்துவிடாது' என்பதற்கு அவர்களுக்குக் கையில் பிடித்துக் காட்ட ஒரு சாட்சி தேவைப்பட்டது. அது மலிவாகக் கடையில் கிடைத்தது.

மானேயா, மோனேயா, யார் முதலில்?

ஓர் எழுத்து மாறினால் ஆளே மாறிவிடுகிற இந்தக் குழப்பம் அன்றைய பாரிஸிலேயே இருந்தது. எதுவார் மானே மூத்தவர். 1866-இல் அவர் வரைந்த 'புல்லாங்குழல் ஊதும் சிறுவன்' படத்தில் பின்னணி வெறும் சாம்பல் நிறம். தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. மானேயின் படங்களை மலிவுச் சந்தைப் படங்களோடு ஒப்பிட்டுக் கேலி செய்தவர்களுக்கு, 'ஒப்பிடுவதென்றால் ஜப்பானிய அச்சுகளோடு ஒப்பிடுங்கள்' என்று 1867-இல் எழுத்தாளர் எமில் சோலா பதில் கொடுத்தார். நன்றிக்கடனாக மானே 1868-இல் சோலாவின் உருவப்படத்தை வரைந்தார். மேசைக்கு மேலே சுவரில் மானேயின் 'ஒலிம்பியா', பழைய ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ஓவியம் ஒன்றின் நகல், பக்கத்தில் இரண்டாம் குனியாகி வரைந்த சுமோ மல்லர். தன் பரம்பரை இதுதான் என்று குடும்பப் படம் மாட்டிக் காட்டுவது போல இருக்கிறது.

தெகாவின் படங்களில் ஜப்பானியப் பொருள் எதுவுமே இல்லையே, அவரை ஏன் இதில் சேர்க்கிறார்கள்?

இல்லாததால்தான்! என் கணக்கில் எல்லோரிலும் நன்றாகக் கற்றவர் எட்கர் தெகா.

1875 வாக்கில் வரைந்த 'கான்கோர்ட் சதுக்கம்' (இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில்) படத்தைப் பாருங்கள். தன் இரண்டு மகள்களோடும் நாயோடும் ஒரு கனவான் போகிறார். அவர் ஒரு திசையில், பிள்ளைகள் வேறு திசையில். இடது ஓரத்தில் நிற்பவரைச் சட்டம் பாதியாக வெட்டிவிட்டது. படத்தின் நடுவில் வெறும் சதுக்கம், மணல் நிறத்தில். முக்கியமானவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

1886-ஆம் ஆண்டின் 'குளியல் தொட்டி' இன்னும் துணிச்சல். ஒரு பெண் தொட்டியில் குந்தியிருக்கிறாள். நாம் மேலே நின்று பார்க்கிறோம். படத்தின் வலதுபுறத்தை ஒரு பலகை மேலிருந்து கீழே அறுக்கிறது, அதன்மேல் குடமும் தலைவாரும் பிரஷும். பலகை நம்மை நோக்கிச் சாய்ந்து நிற்பதுபோல் இருக்கிறது, சாமான்கள் சரிந்து விழ வேண்டும், விழவில்லை. தெகாவின் வீட்டில் ஜப்பானிய ஓவியர் கியோனாகாவின் பொதுக்குளியலறைக் காட்சி ஒன்று மாட்டியிருந்தது. பெண்கள் குளிக்கிறார்கள், குனிகிறார்கள், துடைத்துக்கொள்கிறார்கள், யாரும் நமக்காக நிற்கவில்லை. அந்தப் படம் இன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால் நகல் எடுத்ததாக ஒரு கோட்டைக்கூடக் காட்ட முடியாது. ஆனால் பார்க்கும் முறை ஒன்றுதான்.

படத்தை வெட்டுகிற பழக்கம் கேமராவிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார்களே?

அதிலும் உண்மை இருக்கிறது. 1860-களிலேயே பாரிஸ் தெருக்களின் புகைப்படங்களில் ஓரத்தில் பாதி மனிதர்கள் தெரிவார்கள். ஆனால் கையில் பிடித்துச் சட்டென்று எடுக்கும் கோடக் கேமரா 1888-இல்தான் வந்தது. தெகா புகைப்படத்தில் மூழ்கியது 1895 வாக்கில். அவருடைய துணிச்சலான வெட்டுகள் அதற்கு இருபது ஆண்டு முந்தியவை. இன்னொன்று: புகைப்படத்தில் வெட்டு தற்செயலாக நடக்கும். ஹிரோஷிகே வெட்டினால் மீதியிருப்பது கணக்காக அமைந்திருக்கும். தெகாவிடமும் அந்தக் கணக்குதான் தெரிகிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அச்சுப்படத்தின் பக்கம்.

பெண் ஓவியர்கள் யாரும் இல்லையா?

மேரி கசாட். அமெரிக்கர், பாரிஸில் வாழ்ந்தவர், தெகாவின் நண்பர். 1890 வசந்தத்தில் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியில் ஜப்பானிய அச்சுப்படங்களின் பெரிய கண்காட்சி நடந்தது; ஏற்பாடு செய்தவர் வணிகர் சீக்ஃபிரீட் பிங். எழுநூறுக்கும் மேற்பட்ட அச்சுகள். கசாட் பார்த்துவிட்டு வந்து, தோழியான ஓவியர் பெர்த் மோரிசோவுக்குக் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டும் என்று கடிதம் எழுதினார். எழுதியதோடு நிற்கவில்லை, வேலையில் இறங்கிவிட்டார்.

அடுத்த ஆண்டுக்குள் பத்து வண்ண அச்சுகள். மரப்பலகை அல்ல, செப்புத் தகடு. ஊசியால் கீறிய கோடு, அமிலத்தால் அரித்தெடுத்த நிறப்பரப்பு. ஜப்பானில் நான்கு பேர் பிரித்துச் செய்ததை இவர் ஓர் அச்சுக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்தார். ஒரே தகட்டில் வெவ்வேறு நிறங்களைக் கையால் தடவி, துடைத்து, ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து பிரதி. நாள் முழுக்க நின்று செய்கிற வேலை.

'கடிதம்' என்ற படத்தில் ஒரு பெண் கடித உறையை நாக்கால் நனைத்து ஒட்டுகிறாள். ஜப்பானிய ஓவியர் உதமாரோவின் படங்களில் பெண்கள் வாயில் காகிதத்தைக் கவ்வியிருப்பார்கள், அந்த முகச் சாய்வு இங்கே வந்துவிட்டது. அங்கே கணிகை, இங்கே நடுத்தரக் குடும்பத்துப் பெண். பேருந்தில் குழந்தையோடு போவது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, தையல்காரி உடையைப் பொருத்திப் பார்ப்பது என்று மற்றப் படங்களும் வீட்டுப் பெண்களின் நாள்தான். இந்தப் பத்துப் படங்களையும் ஓவியங்களோடு ஒப்பிட்டுச் சிறிய விஷயமாக ஒதுக்கும் பழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

வான்கோ உண்மையிலேயே அச்சுகளைப் பார்த்து அப்படியே வரைந்தாரா?

மூன்று முறை, 1887-இல். ஹிரோஷிகேயின் இரண்டு படங்கள் (மேலே சொன்ன பிளம் தோட்டம், திடீர் மழையில் ஒரு மரப்பாலம்), எய்சென் என்ற இன்னொரு ஜப்பானிய ஓவியரின் கணிகை ஒன்று.

அவர் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். 1885 கடைசியில் ஆன்ட்வெர்ப்பில் இருந்தபோதே அறைச் சுவரில் சில அச்சுகளைக் குத்தி வைத்திருந்தார். பாரிஸ் வந்ததும் பிங்கின் கடை மாடியில் குவியல் குவியலாகக் கிடந்ததைக் கண்டார். 1886–87 குளிர்காலத்தில் ஏறக்குறைய 660 அச்சுகள் வாங்கினார். விற்று லாபம் பார்க்கும் எண்ணம்! ஒரு காபி விடுதியில் கண்காட்சியும் வைத்தார். வியாபாரம் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. அச்சுகள் கையிலேயே தங்கின, பார்த்துக்கொண்டே இருந்தார். அவரும் தம்பி தியோவும் சேர்த்ததில் சுமார் ஐந்நூறு இன்று ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் உள்ளன. பெரும்பாலும் பிற்காலத்து, கண்ணைப் பறிக்கும் நிறத்து மலிவு அச்சுகள். உதமாரோவைத் தேடி அலைந்த பணக்காரச் சேகரிப்பாளர்கள் திரும்பியும் பார்க்காத சரக்கு. அந்தப் பளீர் நிறங்கள்தான் இவருக்குப் பிடித்தன.

மழைப் பாலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹிரோஷிகேயின் மழை, மயிரிழை போன்ற நேர்க்கோடுகள். செதுக்கியவரின் கைத்திறன் அது. வான்கோவின் தூரிகையில் அந்த மெல்லிய கோடு வராது. மழை தடிக்கிறது, ஆறு பச்சையாகக் கொந்தளிக்கிறது, பாலம் மஞ்சளாக எரிகிறது. அப்புறம் ஒரு சிக்கல்: ஓவியத் துணியின் அளவு அச்சின் அளவுக்குப் பொருந்தவில்லை. சுற்றிலும் மிஞ்சிய இடத்தில் சட்டம்போல வரைந்து, வேறு அச்சுகளிலிருந்து ஜப்பானிய எழுத்துகளைப் பார்த்து எழுதி நிரப்பினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. நமக்கும் தெரியாததால் அழகாக இருக்கிறது. ஜப்பானியர் யாராவது பார்த்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

கணிகைப் படத்தின் கதை இன்னும் வேடிக்கை. மூலம் அவர் கையில் இல்லை. 'பாரிஸ் இலுஸ்த்ரே' இதழ் 1886 மே மாதம் ஜப்பான் சிறப்பிதழ் போட்டு, அட்டையில் எய்செனின் படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டது. வான்கோ அந்த அட்டையின் மேல் தாள் வைத்து வரைந்து, கட்டம் போட்டுப் பெரிதாக்கினார். அதனால் அவருடைய கணிகையும் எதிர்த் திசையிலேயே திரும்பி நிற்கிறாள். சுற்றிலும் குளம், மூங்கில், தவளை, கொக்கு. அலங்காரம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அன்றைய பிரெஞ்சுக் கொச்சையில் தவளை, கொக்கு இரண்டுமே விலைமகளைக் குறிக்கும்.

நகல் எடுத்தது இந்த மூன்றோடு முடிந்தது. 1888 பிப்ரவரியில் தென்பிரான்சின் ஆர்ல் நகருக்குப் போனார். பனி மூடிய நிலத்தைப் பார்த்ததும் ஜப்பானியர் வரைந்த குளிர்காலம் மாதிரி இருக்கிறது என்று தம்பிக்கு எழுதினார். ஜப்பானுக்குப் போகாமலே ஜப்பானைக் கண்டுபிடித்துவிட்டார். தன் வேலை முழுவதும் ஓரளவுக்கு ஜப்பானியக் கலையின் மேல் நிற்கிறது என்று அந்த ஆண்டுக் கோடையில் எழுதியதும் இங்கிருந்துதான். அங்கே நாணல் பேனாவால் வரைந்த நிலக்காட்சிகளிலும், 1890-இல் தியோவின் குழந்தை பிறந்ததற்கு வரைந்த 'வாதுமைப் பூக்கள்' ஓவியத்திலும் யாரையும் பார்த்து எழுதவில்லை. நீல வானத்தில் கிளை, அடிமரம் இல்லை, தரை இல்லை, விளிம்பு வெட்டியிருக்கிறது.

மோனேயின் சிவப்புக் கிமோனோ ஓவியம்தானே இந்த விஷயத்தில் மிகப் பிரபலம்?

பிரபலம்தான். 1876-இல் மனைவி கமீலுக்குப் பொன்னிற டோப்பா வைத்து, சிவப்புக் கிமோனோ உடுத்தி, கையில் விசிறி கொடுத்து, சுவரெங்கும் விசிறிகளை ஒட்டி வரைந்தார். பிற்காலத்தில் அவரே அதைக் குப்பை என்றார். 2015-இல் பாஸ்டன் அருங்காட்சியகம் அந்த ஓவியத்தின் முன் பார்வையாளர்களைக் கிமோனோ அணிந்து பார்க்க அழைத்தபோது எதிர்ப்பு எழுந்து, நிகழ்ச்சியை மாற்ற வேண்டிவந்தது. மாறுவேடப் போட்டிப் படம் என்றுதான் எனக்கும் படுகிறது.

உண்மையான மோனே வேறு இடத்தில். 1867-இல் வரைந்த 'சாந்த்-அட்ரெஸ் மாடித்தோட்டம்' படத்தில் தோட்டம், கடல், வானம் மூன்றும் மூன்று பட்டைகளாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கின்றன. இரண்டு கொடிக்கம்பங்கள் அவற்றைச் சேர்த்துத் தைக்கின்றன. மோனேயும் நண்பர்களும் இதைக் 'கொடிகள் உள்ள சீன ஓவியம்', 'ஜப்பானிய ஓவியம்' என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்! ஹொகுசாயின் ஒரு படத்தில் மக்கள் கோயில் மாடத்தில் நின்று தொலைவில் ஃபூஜி மலையைப் பார்ப்பார்கள். அந்த அச்சு மோனேயிடம் இருந்தது. ஜிவர்னி கிராமத்து வீட்டில் அவர் சேர்த்து வைத்தவை 231 அச்சுகள், மஞ்சள் நிறச் சாப்பாட்டு அறையின் சுவரெல்லாம் அவைதான். தோட்டத்துக் குளத்தின் மேல் ஜப்பானிய வளைவுப் பாலம் ஒன்றும் கட்டினார். பாலம் எல்லோருக்கும் தெரியும். கடைசிக் கால அல்லிக்குள ஓவியங்களில் கரையும் அடிவானமும் காணாமல் போய் நீர் செங்குத்தாக எழுந்து நிற்பதைத்தான் நான் பார்க்கச் சொல்வேன்.

லண்டனில் யாரும் கண்டுகொள்ளவில்லையா?

அங்கே விஸ்லர் இருந்தார், அமெரிக்கர். 1860-களில் அவரும் கிமோனோ, திரை, பீங்கான் என்று ஆரம்பித்தவர்தான். பத்தாண்டுக்குள் எல்லாச் சாமானையும் வெளியே தூக்கிப் போட்டுவிட்டு 'பழைய பேட்டர்சீ பாலம்' வரைந்தார்: நீலக் கருக்கல், ஒரு பாலத்தூண் பூதம்போல எழுகிறது, பாலத்தின் மிகச் சிறிய பகுதி மட்டுமே தெரிகிறது. ஹிரோஷிகேயின் பாலங்களைப் பார்த்த கண்ணுக்கு உடனே புரியும். 1878-இல் விமர்சகர் ரஸ்கின்மேல் விஸ்லர் தொடுத்த அவதூறு வழக்கில் இந்தப் படமும் நீதிமன்றத்துக்கு வந்தது. பாலத்தின் மேல் இருப்பவை மனிதர்களா என்று நீதிபதி கேட்டார். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி என்றார் விஸ்லர். வழக்கில் ஜெயித்தார். நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அன்றைய இங்கிலாந்தின் மிகச் சிறிய காசு.

பிரெஞ்சு ஓவியர் கோகான்?

1888-இல் 'பிரசங்கத்துக்குப் பின் தரிசனம்'. பிரான்சின் பிரிட்டனி பகுதிக் கிராமத்துப் பெண்கள், ரத்தச் சிவப்புத் தரை, குறுக்கே சாய்ந்த மரம், அதற்கப்பால் யாக்கோபும் தேவதூதனும் மல்லுக்கட்டுகிறார்கள். மரம் ஹிரோஷிகேயை, மல்லர்கள் ஹொகுசாயை நினைவூட்டும். ஊர்த் தேவாலயத்துக்கு இலவசமாகக் கொடுத்தார், பாதிரியார் வேண்டாமென்றுவிட்டார். இப்போது எடின்பரோவில் இருக்கிறது.

போஸ்டர் கலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய. ஜப்பானிய அச்சு தானே ஒரு வியாபாரப் பொருள், நடிகரையும் விடுதியையும் விளம்பரம் செய்தது. பாரிஸில் ஓவியர் துலூஸ்-லோத்ரெக் கல்லச்சில் செய்ததும் அதே வேலை. 1893-இல் 'திவான் ஜப்போனே' என்ற கேளிக்கை விடுதிக்கு அவர் செய்த சுவரொட்டியில் முன்னால் நடனக்காரி ஜேன் அவ்ரில், முழுக் கறுப்பு உருவமாக. பின்னால் மேடையில் பாடுபவர் அன்றைய பெரிய நட்சத்திரமான ஈவெத் கில்பேர். அவர் தலையைச் சட்டம் வெட்டிவிட்டது! நீளமான கறுப்புக் கையுறையை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். நம் ஊரில் நாயகன் தலையை வெட்டிச் சுவரொட்டி அடித்தால் ரசிகர்கள் சும்மா விடுவார்களா? லோத்ரெக் தன் பெயரின் முதலெழுத்துகளையும் ஜப்பானிய முத்திரைபோல வட்டத்துக்குள் அடக்கி வைத்தார்.

ஹென்றி ரிவியே என்பவர் ஹொகுசாயின் புகழ்பெற்ற 'ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்' தொகுப்புக்குப் பதிலாக ஈபிள் கோபுரத்தின் முப்பத்தாறு காட்சிகளை 1902-இல் கல்லச்சில் வெளியிட்டார். கேட்டால் கேலி மாதிரி இருக்கும், பார்த்தால் அவ்வளவு அன்பு.

இந்த அச்சுகள் கலப்பற்ற ஜப்பானியக் கலைதானே?

இல்லை. இந்த இடத்தில்தான் கதை சுவாரசியமாகிறது. ஹொகுசாயின் 'பேரலை' (1831 வாக்கில்) எல்லோருக்கும் தெரியும். அந்த ஆழ்ந்த நீலம் பெர்லினில் 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்ய நீலம். டச்சு, சீன வணிகர்கள் வழியாக ஜப்பானுக்குப் போனது, அங்கே 'பெரோ-ஆய்', அதாவது பெர்லின் நீலம் என்றே அழைத்தார்கள். அலைக்கு அடியில் மலை அவ்வளவு சிறிதாகத் தெரிகிறதே, தாழ்ந்த அடிவானத்தோடு, அதுவும் ஐரோப்பிய 'பெர்ஸ்பெக்டிவ்' முறையிலிருந்து (தூரத்தில் உள்ளதைச் சுருக்கிக் காட்டுவது) கற்றது. 1740-களிலேயே ஒகுமுரா மசநோபு போன்றவர்கள் அந்த முறையை அச்சுகளில் விளையாடிப் பார்த்திருந்தார்கள்.

ஆக, ஐரோப்பியர்கள் மயங்கியதில் ஒரு பகுதி, அவர்கள் வீட்டிலிருந்து போன சரக்கு. அது அங்கே போய் வேறு ஆளாகித் திரும்பி வந்ததால் அடையாளம் தெரியவில்லை. பேரலை அவ்வளவு சீக்கிரம் உலகத்துக்குப் பிடித்துப்போனதற்கு இந்தப் பாதிப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஜப்பானியர்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள்?

மலிவுப் பொருள், அடித்தட்டு ரசனை என்று மேல்தட்டினர் நினைத்தார்கள். நாடு மேற்கத்திய வழிக்கு வேகமாக மாறிக்கொண்டிருந்த காலம்; பழைய நடிகர் படங்கள் யாருக்கு வேண்டும்? கட்டுக் கட்டாகக் கப்பலேறின. 1878 பாரிஸ் கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராக வந்த ஹயாஷி ததமாசா அங்கேயே தங்கி வணிகரானார். அவருடைய சிறிய சிவப்பு முத்திரை உள்ள அச்சுகளுக்கு இன்றும் தனி மதிப்பு. எழுத்தாளர் எத்மோன் த கோன்கூர் உதமாரோ, ஹொகுசாய் பற்றி எழுதிய நூல்களுக்கு ஜப்பானிய மூலங்களைப் படித்துச் சொன்னவரும் இவர்தான். எதிர்த்திசையில், பிரெஞ்சு ஓவியங்களைச் சேர்த்து ஜப்பானில் ஓர் அருங்காட்சியகம் வைக்கக் கனவு கண்டார். 1906-இல் இறந்தார், கனவு நிறைவேறவில்லை.

அதே ஆண்டுகளில் குரோதா செய்கி போன்ற இளைஞர்கள் பாரிஸுக்கு வந்து எண்ணெய் வண்ணத்தில் ஒளியும் நிழலும் கற்றுக்கொண்டிருந்தார்கள். இவர்கள் நிழலைக் கற்க வந்த ஊரில் அந்த ஊர் ஓவியர்கள் நிழலை மறக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

இதெல்லாம் திருட்டில்லையா?

விசிறியையும் கிமோனோவையும் வைத்துப் படம் காட்டியவர்களைப் பற்றி அப்படிக் கேட்டால் நான் குறுக்கே வரமாட்டேன். பீரங்கிக் கப்பல் திறந்த கதவு வழியாகத்தான் அந்தப் பொருள்கள் வந்தன என்பதையும் மறக்க முடியாது. தெகாவையும் கசாட்டையும் பற்றி அந்தச் சொல் பொருந்தவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டதால் ஹிரோஷிகேயிடம் எதுவும் குறையவில்லை.

நேரில் பார்க்க வேண்டுமென்றால்?

ஓவியங்கள் எப்போதும் சுவரில் இருக்கும், அச்சுகள் இருக்காது. வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்பதால் சில மாதம் காட்டிவிட்டு இருட்டுக்குள் வைத்துவிடுவார்கள். பயணம் போகும்முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பாஸ்டன், சிகாகோ, லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகம், ஆம்ஸ்டர்டாம் எல்லாவற்றிலும் நல்ல சேகரிப்பு உண்டு. வீட்டிலிருந்தே பார்க்க வான்கோ அருங்காட்சியகத்தின் இணையதளம் போதும். ஒவ்வோர் அச்சின் ஓரத்திலும் ஊசி குத்திய ஓட்டை இருக்கிறதா என்று பெரிதாக்கித் தேடிப் பாருங்கள், சிலவற்றில் இருக்கும்.

இந்த அச்சுக்கலை நம் பக்கம் எட்டிப் பார்த்ததுண்டா?

ஒருவர் வந்திருக்கிறார். யோஷிதா ஹிரோஷி (1876–1950), மேற்கத்திய முறையில் ஓவியம் கற்று, நாற்பது வயதுக்கு மேல் மரப்பலகைக்குத் திரும்பியவர். 1926-இல் அவர் செய்த பாய்மரப் படகுகள் புகழ்பெற்றவை: ஒரே பலகைகள், நிறத்தை மட்டும் மாற்றி, காலை, மாலை, மூடுபனி, இரவு என்று வெவ்வேறு படங்கள். மோனே 1890-களில் வைக்கோற்போரை வேளைக்கு வேளை வரைந்தாரே, அது திரும்ப ஜப்பானுக்கு வந்துசேர்ந்த மாதிரி.

1930-இல் மகனோடு இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்து, ஊர் திரும்பியபின் இந்தியக் காட்சிகளை வரிசையாக அச்சிட்டார். தாஜ்மகால் உண்டு, அஜந்தா உண்டு, நம் மதுரைக் கோயிலும் உண்டு. இணையத்தில் தேடும்போது மதுரா (Madura) என்று போட்டுத் தேடுங்கள். வடக்கே இருக்கும் மதுரா என்று நினைத்துக் கடந்துபோய்விட வேண்டாம். ஆங்கிலேயர் காலத்தில் நம் மதுரையை அப்படித்தான் எழுதினார்கள்.